ஆறாம் ஆண்டு

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போன ஒப்பந்தக் கூலிகளைப் பற்றி நாம் படித்தவை பெரும்பாலும் ஐந்து ஆண்டுகளோடு நின்றுவிடுகின்றன. ஆசை காட்டி ஆள் பிடித்த தரகர், கப்பலின் கீழ்த்தளம், கரும்புத் தோட்டம், சவுக்கடி, பல் உடைந்து ரத்தம் ஒழுகக் காந்தியின் அலுவலகத்துக்கு வந்து நின்ற பாலசுந்தரம். எல்லாம் உண்மை, எத்தனை முறை சொன்னாலும் தகும். ஆனால் ஒப்பந்தக் காலம் ஐந்து ஆண்டுதான். அது முடிந்த மறுநாள் காலையில் அந்த மனிதர் எங்கே போனார்? எங்கே படுத்தார், என்ன விதைத்தார், பிள்ளையை எங்கே படிக்க வைத்தார், எந்தச் சாமியை எங்கே நட்டு வைத்துக் கும்பிட்டார்? கூலியாகக் கொண்டுபோகப்பட்டவர்கள் குடிகளானது அந்த ஆறாம் ஆண்டிலிருந்துதான். காலனி அரசு எதை அஞ்சிச் சட்டம் போட்டது என்று பார்த்தாலும், கடைசியில் அந்த ஆறாம் ஆண்டில்தான் வந்து நிற்கிறோம்.

1860 முதல் 1911 வரை இந்தியாவிலிருந்து நேட்டாலுக்கு ஒப்பந்தத்தில் சென்றவர்கள் 1,52,184 பேர். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறியவர்கள். மற்றவர்கள் கல்கத்தா வழியாகப் போனவர்கள். வட ஆர்க்காடு, செங்கல்பட்டு, சேலம், திருச்சி, தஞ்சாவூர், தெலுங்குப் பகுதியில் விசாகப்பட்டினம், கோதாவரி என்று பல மாவட்டங்களின் பெயர்கள் கப்பல் பதிவேடுகளில் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒவ்வொருவருக்கும் ஓர் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, மாவட்டம், தாலுகா, கிராமம், உயரம், உடம்பில் உள்ள தழும்பு அல்லது மச்சம். ஓடிப்போனால் பிடிப்பதற்காக எழுதிவைத்த அடையாளங்கள் இவை. இன்று அதே பதிவேட்டைப் புரட்டித்தான் டர்பனில் வாழும் ஐந்தாம் தலைமுறைப் பேத்தி தன் முப்பாட்டனின் ஊரைத் தேடுகிறாள். வரலாற்றாய்வாளர் சுரேந்திர பானா இந்தப் பட்டியல்களை வைத்தே ஒரு நூல் எழுதினார். அஷ்வின் தேசாயும் குலாம் வாஹிதும் பட்டியலைத் தாண்டி, நீதிமன்றப் பதிவுகளிலும் புகார் மனுக்களிலும் நுழைந்து மனிதர்களின் முகங்களை மீட்டார்கள். அவர்கள் உழைப்பு இல்லாவிட்டால் நம்மிடம் வெறும் எண்கள்தாம் மிஞ்சியிருக்கும்.

நேட்டாலுக்கு ஆள் ஏன் தேவைப்பட்டது? 1843இல் பிரிட்டன் அந்த நிலப்பகுதியைத் தன்னுடையதென்று அறிவித்தது. 1849க்கும் 1851க்கும் இடையில் சுமார் 5,000 பிரிட்டிஷ் குடியேறிகள் வந்து இறங்கினார்கள். ஜோசப் பைர்ன் என்ற வணிகரின் திட்டத்தில் வயதுவந்தவர் ஒருவர் 10 பவுண்டு கட்டினால் கப்பல் பயணமும் 20 ஏக்கர் நிலமும் கிடைக்கும். அந்த 20 ஏக்கர் பல இடங்களில் வெறும் பாறையும் புதருமாக இருந்ததால் பலர் அதை விட்டுவிட்டு நகரத்துக்குப் போய்விட்டார்கள் என்பது வேறு கதை. அந்தப் 10 பவுண்டு, 20 ஏக்கர் என்ற கணக்கை மட்டும் மனத்தில் இருத்திக்கொள்வோம், பின்னால் தேவைப்படும்.

1850களின் தொடக்கத்தில் எட்மண்ட் மோர்வுட் என்பவர் டர்பனுக்கு வடக்கே காம்பென்சேஷன் என்ற தன் பண்ணையில் கரும்பிலிருந்து சர்க்கரை எடுத்துக் காட்டினார். கடற்கரை முழுவதும் கரும்பு பரவியது. கரும்புக்கு ஆண்டு முழுவதும் கை வேண்டும். வெட்டியதை உடனே ஆலைக்குக் கொண்டுபோகவும் வேண்டும். ஜூலு மக்களுக்குச் சொந்த நிலமும் மாடும் இருந்தன. அவர்கள் தேவைப்பட்டபோது சில மாதம் வேலைக்கு வந்தார்கள்; தங்கள் வயலில் வேலை வந்தால் திரும்பிப் போனார்கள். இதைச் சோம்பல் என்று எழுதினார்கள் தோட்ட முதலாளிகள். தன் நிலத்தை வைத்திருப்பவன் அடிமாட்டுக் கூலிக்கு அடுத்தவன் நிலத்தில் ஏன் உழைப்பான்? தோட்டக்காரர்கள் தேடியது நிலத்தை விட்டுப் பிரிக்கப்பட்டவர்களை. மொரிஷியஸில் அத்தகையவர்கள் இந்தியாவிலிருந்து வருவதை அவர்கள் ஏற்கெனவே பார்த்திருந்தார்கள். 1859இல் நேட்டாலின் 14ஆம் சட்டமும், அடுத்த ஆண்டில் அதற்கு இசைந்த இந்திய அரசின் சட்டமும் வந்தன.

‘ட்ரூரோ’ என்ற கப்பல் 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து கிளம்பி நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதில் வந்தவர்கள் எல்லாரும் உழவர்கள் அல்லர். தச்சர், நாவிதர், சமையல்காரர், குதிரைக்காரர், கணக்கு எழுதத் தெரிந்தவர் என்று பல தொழிலினரும் இருந்தார்கள். கிறித்தவர்களும் கணிசமாக இருந்தார்கள். பத்து நாள் கழித்துக் கல்கத்தாவிலிருந்து ‘பெல்விடியர்’ வந்தது. வழியில் காலரா கண்டு பலர் இறந்திருந்தார்கள்.

ஐந்து ஆண்டுகளைச் சுருக்கமாகவே சொல்கிறேன். முதலாண்டு மாதம் 10 ஷில்லிங், அதன்பின் ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் கூடுதல். பெண்ணுக்கு அதில் பாதி. படியாக அரிசி, பருப்பு, கருவாடு, எண்ணெய், உப்பு. அரிசிக்குத் தட்டுப்பாடு வந்தால் மக்காச்சோள மாவு. தங்குவதற்கு வரிசையாகக் கட்டிய பராக்ஸ் அறைகள். வேலையை மேற்பார்க்க சர்தார். அவருக்கு மேல் வெள்ளை ஓவர்சியர். எழுத்துச் சீட்டு இல்லாமல் தோட்ட எல்லையைத் தாண்டக் கூடாது. முதலாளி அடித்தான் என்று புகார் சொல்லப் போவதற்கும் அதே முதலாளியிடம்தான் சீட்டு வாங்க வேண்டும். வாங்காமல் போனால் கைது. இந்த ஒரு விதியே போதும், அந்த ஏற்பாடு எவ்வளவு கொடியது என்று காட்ட. நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் என்ற விகிதத்தில் ஆள் ஏற்றியதால் குடும்பம் என்பதே பலருக்குக் கைக்கு எட்டாத ஒன்றாக இருந்தது; அதன் சுமை அந்த நாற்பது பெண்களின் மீது விழுந்தது. தற்கொலைகள் தொடர்ந்து நடந்தன. நேட்டால் முழுக்க நிலைமை ஒரே மாதிரி இருந்ததில்லை. சில தோட்டங்களில் கூலி ஒழுங்காகக் கிடைத்தது, சில தோட்டங்களில் மாதக்கணக்கில் நிறுத்திவைக்கப்பட்டது. எந்தத் தோட்டம் வாய்க்கும் என்பது கப்பலிலிருந்து இறங்கும் ஒருவரின் கையில் இல்லை.

1866இல் பொருளாதாரச் சரிவு வந்து ஆள் வரவு நின்றது. 1871இல் ‘ரெட் ரைடிங் ஹூட்’ என்ற கப்பலில் சிலர் பத்தாண்டு முடித்துச் சென்னைக்குத் திரும்பினார்கள். இறங்கியதும் குடியேற்ற அதிகாரியிடம் நடந்ததைச் சொன்னார்கள்: பிடித்துக்கொண்ட கூலி, கசையடி, நோயில் கவனிப்பின்மை. வெறும் கூலிகள் என்று பதியப்பட்ட அந்த மனிதர்களின் வாக்குமூலம் ஒரு காலனியையே விசாரணைக்கு இழுத்தது. இந்திய அரசு, பதில் வராமல் இனி ஆள் அனுப்ப முடியாது என்றது. நேட்டால் 1872இல் ஆணையம் அமைத்தது. கசையடிக்கு இடம் தந்த விதியை நீக்கவும் குடியேறிகளுக்கென்று பாதுகாப்பு அதிகாரி ஒருவரை வைக்கவும் ஆணையம் பரிந்துரைத்தது. 1874இல் கப்பல்கள் மறுபடி ஓடின. நம் வரலாற்றுப் பாடநூல்களில் இடம்பெற வேண்டியவர்கள் அந்தக் கப்பலில் திரும்பி வந்தவர்கள். அவர்கள் பேசாமல் ஊருக்குப் போயிருந்தால் யாரும் அவர்களைக் குறை சொல்லியிருக்க முடியாது.

இனி ஆறாம் ஆண்டுக்கு வருவோம். ஐந்தாண்டு முடித்தவர் சட்டப்படி சுதந்திரமானவர். இன்னும் ஐந்தாண்டு காலனியில் இருந்தால் இலவசமாக ஊர் திரும்பலாம். 1870ஆம் ஆண்டின் சட்டமொன்று, அந்தப் பயணத்துக்குப் பதிலாக அதே மதிப்புள்ள அரசு நிலத்தை வாங்கிக்கொள்ளவும் வழி திறந்தது. பைர்னின் குடியேறிகளுக்கு வாசலிலேயே 20 ஏக்கர். இவர்களுக்குப் பத்தாண்டு உழைப்பின் பின் ஒரு துண்டு. அந்தத் துண்டும் உண்மையில் கிடைத்தது மிகச் சிலருக்கே. 1891இல் அந்த வழியும் அடைக்கப்பட்டது.

அதனால் அவர்கள் குத்தகைக்குப் போனார்கள். டர்பனைச் சுற்றி உம்கேனி, உம்பிலோ ஆறுகளின் கரைகள், ஸ்பிரிங்ஃபீல்டின் வண்டல் தாழ்நிலம், கேட்டோ மேனரின் சரிவுகள், கிளேர்வுட்டின் சதுப்பு. வெள்ளை நிலக்காரர்கள் கரும்புக்கும் வீட்டுக்கும் ஆகாது என்று ஒதுக்கிய நிலங்கள் இவை. ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் எடுத்துப் புதரை வெட்டி, மண்சுவரும் தகரக் கூரையுமாகக் குடிசை போட்டு, கத்தரி, மிளகாய், பீன்ஸ், கீரை, மக்காச்சோளம், புகையிலை, வாழை என்று பயிரிட்டார்கள். விடியுமுன் பறித்ததைக் கூடையில் கட்டித் தலையில் தூக்கிக்கொண்டு பெண்கள் பல மைல் நடந்து நகரத்தில் வீடு வீடாக விற்றார்கள். ஆண்கள் தோளில் காவடிபோல் கம்பு வைத்து இரு முனையிலும் கூடை தொங்கவிட்டுப் போனார்கள். வெள்ளைக்காரர்கள் இவர்களை ‘சாமி’ என்றும் ‘மேரி’ என்றும் மொத்தமாக ஒரு பெயரில் கூப்பிட்டார்கள். சொந்தப் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூட விருப்பமில்லாத அதே வீடுகளின் சாப்பாட்டு மேசைக்குக் காய் வந்தது இவர்கள் கையால்தான். இந்தியக் குடியேறிகளைப் பற்றி விசாரிக்க 1885இல் அமைக்கப்பட்ட ராக் ஆணையத்தின் முன் இதை ஒப்புக்கொண்ட வெள்ளையர் பலர்: இந்தியர் வருமுன் அருமையாகவும் விலை கூடவும் இருந்த காய்கறி இப்போது எல்லார்க்கும் கிடைக்கிறது என்றார்கள்.

எல்லாரும் மண்ணுக்குப் போகவில்லை. கடற்கரை ஊர்களிலிருந்து வந்த சிலர் டர்பன் குடாவிலுள்ள சாலிஸ்பரி தீவில் குடிசை போட்டு, கரைவலை இழுத்து மீன் பிடித்தார்கள். புதிதாகக் கிடைத்ததை நகரத்திலும், உப்பிட்டுக் காயவைத்ததைத் தோட்டங்களிலும் விற்றார்கள். படியில் கருவாடு கட்டாயம் என்பதால் அதற்குச் சந்தை இருந்தது. சிலர் கிம்பர்லி வைரச் சுரங்கங்களை நோக்கியும் பின்னர் ஜோஹன்னஸ்பர்க்குக்கும் நடந்தார்கள். இன்னும் பலர் ரயில்வேக்கும் நகராட்சிக்கும் நிலக்கரிச் சுரங்கத்துக்கும் போனார்கள்.

கோயில்களைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒருவர் திரும்பிப் போகப் போவதில்லை என்று மனத்துக்குள் முடிவெடுத்த நாளை எந்தப் பதிவேடும் குறிப்பதில்லை, கோயில் குறிக்கிறது. முதலில் தோட்டத்து ஓரத்தில் மரத்தடிக் கல், பிறகு மரச்சட்டமும் தகரமும் வைத்த சிறு கூரை, பிறகு செங்கல். உம்பிலோ ஆற்றங்கரையில் 19ஆம் நூற்றாண்டிலேயே அம்பலவாணருக்குக் கோயில் எழுந்தது. மவுண்ட் எட்ஜ்கோம்ப் தோட்டத்தில் கிருஷ்ணப்ப ரெட்டி என்ற கோயில் சிற்பி 1898இல் பிள்ளையார் கோயில் கட்டினார். இசிபிங்கோவின் மாரியம்மன் கோயிலுக்கு இன்றும் ஈஸ்டர் வார இறுதியில்தான் பெருங்கூட்டம். தோட்டத்துக்கு விடுமுறை கிடைத்த நாள் அது. அம்மன் அந்த நாளுக்கு இடம் மாறிக்கொண்டாள். ஆடியில் கூழ் ஊற்றும் வழக்கமும் அவர்களோடு போனது. கேழ்வரகின் இடத்தில் மக்காச்சோள மாவு வந்தது. மொகரத்துக்குத் தோட்டங்களில் விடுமுறை கிடைத்ததால் இந்துவும் முஸ்லிமும் சேர்ந்தே கூண்டு கட்டி ஊர்வலம் போனார்கள். அல்லாசாமி பண்டிகைக்குத் தீ மிதித்துப் பழகிய தமிழ்க் கிராமத்தாருக்கு அதில் வியப்பு ஒன்றுமில்லை. தெருக்கூத்தும் கப்பல் ஏறியிருந்தது. ‘சிக்ஸ் ஃபுட் டான்ஸ்’ என்று அங்கே பெயர் பெற்ற அந்த ஆட்டம் திருவிழா இரவுகளில் விடிய விடிய நடந்தது. தோட்டக்காரர்கள் கூலியின் கைகளை வாங்கியதாக நினைத்தார்கள். வந்தவர்களில் கூத்து வாத்தியாரும் பூசாரியும் சிற்பியும் இருந்ததைப் பதிவேட்டின் எந்தக் கட்டமும் கேட்கவில்லை.

பள்ளிக்கும் ஒரு சொல். ரால்ஃப் ஸ்டாட் என்ற மெதடிஸ்ட் பாதிரியார் மட்டக்களப்பில் பல ஆண்டுகள் இருந்து தமிழ் கற்றவர். 1862இல் நேட்டாலுக்கு வந்து கூலிகளிடம் தமிழில் பேசினார்; பிள்ளைகளுக்குப் பள்ளிகளும் தொடங்கினார். பேச்சுமொழி தெரியாத அதிகாரிகளுக்கு நடுவில், தமிழில் ஒரு கேள்வி கேட்டுத் தமிழில் பதிலைக் கேட்டுக்கொள்ளும் ஒருவர் இருந்தது எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்திருக்கும்! மதமாற்றம் அவர் நோக்கம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் அந்த மக்களைக் காதுகொடுத்துக் கேட்ட முதல் வெள்ளையர்களில் அவர் ஒருவர்.

இப்படி வேர் விட்டதுதான் சிக்கலானது. கூலியாக இருக்கும்வரை இந்தியரைப் பற்றி எந்த வெள்ளையருக்கும் புகார் இல்லை. அவர் குத்தகைக்காரராக, கூடைக்காரராக, சிறு கடைக்காரராக மாறியபோதுதான் ‘இந்தியப் பிரச்சினை’ என்று ஒன்று பத்திரிகைகளில் தோன்றுகிறது. குஜராத்தி வணிகர்கள் சொந்தச் செலவில் வந்து கடை திறந்ததும் அந்த எரிச்சலைக் கூட்டியது. ராக் ஆணையத்தில் உறுப்பினராக இருந்த ஜேம்ஸ் சாண்டர்ஸ், டோங்காட்டின் கரும்பு முதலாளி. அவரே எழுதினார்: ஒருவரின் வலிமை அனைத்தையும் வாங்கிக்கொண்டு, பிறகு திரும்பிப் போ என்பது எந்த நியாயம்? இந்தியர் வேண்டாமென்றால் ஒப்பந்தமே வேண்டாம் என்பது அவர் வாதத்தின் சாரம். அது எடுபடவில்லை.

1893இல் நேட்டால் வெள்ளையர் தன்னாட்சி பெற்றார்கள். அதே வேகத்தில் ஹென்றி பின்ஸும் மேசனும் தூதர்களாக இந்தியாவுக்கு வந்தார்கள். அவர்கள் கேட்டது இது: ஐந்தாண்டு முடிந்ததும் ஊர் திரும்ப வேண்டும், அல்லது மறுபடி ஒப்பந்தம் எழுத வேண்டும். இரண்டும் இல்லையென்றால் ஆண்டு வரி. முதலில் பேசப்பட்ட தொகை 25 பவுண்டு என்று காந்தி எழுதியிருக்கிறார். வைஸ்ராய் எல்ஜின் பிரபு 3 பவுண்டுக்குச் சம்மதித்தார். 1895ஆம் ஆண்டின் 17ஆம் சட்டம் அது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். முதலாண்டுக் கூலி மாதம் 10 ஷில்லிங் என்றால் ஆண்டுக்கு 6 பவுண்டு. வரி, அதில் சரிபாதி. ஐந்தாம் ஆண்டின் 14 ஷில்லிங்கில் கணக்கிட்டாலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். 1903இல் பிள்ளைகளுக்கும் நீட்டினார்கள்: பையனுக்கு 16 வயது, பெண்ணுக்கு 13 வயது ஆனால் வரி. கணவன், மனைவி, ஒரு மகன், ஒரு மகள் என்றால் ஆண்டுக்கு 12 பவுண்டு. இது வருவாய்க்காகப் போட்ட வரியே அல்ல. தோட்டத்துக்குத் திரும்பினால் வரி இல்லை. மறு ஒப்பந்தம் எழுதினால் போதும். ஆற்றங்கரைக் குடிசையிலிருந்து ஒரு குடும்பத்தைக் கிளப்பி மறுபடி பராக்ஸுக்குள் தள்ளுவதற்கென்றே அளவு பார்த்து வைத்த தொகை. பதின்மூன்று வயதுச் சிறுமியின் தலைமீது வரி வைக்க ஓர் அவை கூடிக் கைதூக்கியது என்பதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வருகிறது. வாக்குரிமை பறிப்பு 1896இல், வணிக உரிமத்தை மறுக்க அதிகாரம் தந்த சட்டமும் ஐரோப்பிய மொழியறிவைக் கேட்ட குடிவரவுச் சட்டமும் 1897இல் என்று மற்றவையும் வந்தன. அவை பெரும்பாலும் வணிகர்களையும் படித்தவர்களையும் தாக்கின. 3 பவுண்டு வரி தாக்கியது ஏழையின் ஆறாம் ஆண்டை.

ஆயிரக்கணக்கானோர் அந்த நெருக்கடியில் மறுபடி ஒப்பந்தம் எழுதினார்கள். சிலர் ஊர் திரும்பினார்கள். ஆனாலும் 1904ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் நேட்டாலின் இந்தியர் தொகை ஒரு லட்சத்தைத் தாண்டி, வெள்ளையரைவிடச் சற்றுக் கூடுதலாக நின்றது. அவர்களில் அங்கேயே பிறந்த பிள்ளைகளும் நிறைய. 1910இல் கோகலேயின் முயற்சியால் இந்தியச் சட்டமன்றம் நேட்டாலுக்கு ஆள் அனுப்பும் ஏற்பாட்டை நிறுத்த வழி செய்தது. 1911இல் கப்பல்கள் நின்றன. 1913இல் 3 பவுண்டு வரியை எதிர்த்து நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத்தில் தொடங்கிய வேலைநிறுத்தம் கடற்கரைக் கரும்புத் தோட்டங்கள்வரை பரவியது. தம்பி நாயுடு போன்ற தமிழர்களும், டிரான்ஸ்வாலிலிருந்து எல்லை கடந்து வந்து சுரங்கத் தொழிலாளரிடம் பேசிய தமிழ்ப் பெண்களும் அதை மூட்டியவர்கள். தில்லையாடி வள்ளியம்மை சிறைப்பட்டதும் நோயுற்று இறந்ததும் இந்தப் போராட்டத்தில்தான். அவருடைய பெயரை அறிந்த நம்மில் பலருக்கும் அந்த 3 பவுண்டு வரி எதற்காகப் போடப்பட்டது என்பது தெரிந்திருப்பதில்லை. 1914இல் வரி நீங்கியது.

நிலம் மட்டும் வரவில்லை. 1917 அக்டோபரில் உம்கேனி ஆறு பெருக்கெடுத்து ஸ்பிரிங்ஃபீல்டு தாழ்நிலத்துக்குள் புகுந்தபோது, காய்கறித் தோட்டக்காரக் குடும்பங்களைச் சேர்ந்த நூற்றுக்கணக்கானோர் அடித்துச் செல்லப்பட்டார்கள். கரைவலைக்கார மீனவர்களான படவத்தன் என்பவரும் அவருடன் ஐவரும் ஒரு படகில் திரும்பத் திரும்ப வெள்ளத்துக்குள் போய் 176 பேரைக் கரை சேர்த்தார்கள். ஆறு எப்போது வேண்டுமானாலும் ஏறக்கூடிய இடம் அது என்று அங்கே பயிரிட்ட எவருக்கும் தெரியும். ஆனால் ஒப்பந்தம் முடித்து வெளியே வந்த அவர்களுடைய தந்தையருக்கும் பாட்டன்மாருக்கும் குத்தகைக்குக் கிடைத்தது அந்த நிலம்தான்.